எட்டு கோர் இருந்தும் வேகம் இரண்டரை மடங்கில் நின்றுவிடுவது ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். பல்லாயிரம் உரைக் கோப்புகளைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிற நிரல். பைத்தானில் எட்டு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் கட்டளைத் தொடர்கள்) போட்டு எழுதினீர்கள். ஒரே த்ரெட்டில் ஓடியதைவிட ஒரு நொடிகூடக் குறையவில்லை. பிறகு கோ மொழியில் மாற்றி எழுதினீர்கள். இரண்டு கோரில் (கோர் என்பது சிப்பில் தனித்து இயங்கும் கணக்கிடும் பகுதி) 1.7 மடங்கு, நான்கில் 2.3 மடங்கு, எட்டில் 2.5 மடங்கு வேகம் கிடைத்தது. எண்ணிக்கை எல்லாம், சொல்லையும் அதன் எண்ணையும் இணைத்து வைக்கும் ஒரே மேப்பில் இருக்கிறது, அதைக் காக்க ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக். "பணிகளை ஒரே நேரத்தில்தானே ஓடவிட்டேன், மற்ற கோர்கள் ஏன் சும்மா இருக்கின்றன?" என்பது உங்கள் கேள்வி.

பைத்தானில் உங்களைத் தடுத்தது மொழிக்குள்ளேயே இருக்கும் ஒரு லாக். கோ மொழியில் தடுத்தது நீங்களே போட்ட லாக். பார்க்க இரண்டும் வேறு வேறு சிக்கல் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: எல்லாப் பணிகளும் தொட்டே ஆக வேண்டிய ஒரு பொருள் நடுவில் இருக்கிறது. கோர்களைக் கூட்டுவது எளிது. அந்தப் பொதுப் பொருளை நடுவிலிருந்து எடுப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

1.7, 2.3, 2.5 என்று மூன்று அளவையும் எழுதியதற்கு நன்றி. பெரும்பாலும் கடைசி எண் மட்டும்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றும் இருப்பதால் கோளாறு எங்கே என்று கணக்குப் போட்டே காட்டிவிடலாம். அதற்கு முன் கொஞ்சம் அடித்தளம் வேண்டும்.

கன்கரன்சி, பேரலலிசம் என்ற இரண்டு சொற்களையும் நாம் கலந்தே பேசிவிடுகிறோம். ஒரு வேலையை ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கத் தேவையில்லாத துண்டுகளாகப் பிரித்து எழுதுவது கன்கரன்சி. அந்தத் துண்டுகள் ஒரே கணத்தில் வெவ்வேறு கோர்களில் உண்மையாகவே ஓடுவது பேரலலிசம். முதலாவது உங்கள் நிரலின் அமைப்பு. இரண்டாவது, அது ஓடும் இடத்தைப் பொறுத்தது. ஒரே ஒரு கோர் உள்ள கணினியிலும் நூறு பணிகள் மாறி மாறி ஓடலாம். அங்கே கன்கரன்சி உண்டு, பேரலலிசம் துளிகூட இல்லை. கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக், 2012இல் இந்த வேறுபாட்டுக்காகவே ஓர் உரை நிகழ்த்தினார். உங்கள் பைத்தான் நிரலில் நடந்தது இதுதான். எட்டு த்ரெட்டும் இருந்தன, மாறி மாறி ஓடின, ஆனால் எந்தக் கணத்திலும் ஒன்றுதான் ஓடியது.

இந்தக் கவலையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. டிரான்சிஸ்டர் சிறிதாகும்போது அது எடுக்கும் மின்திறனும் அதே விகிதத்தில் குறையும் என்று ராபர்ட் டெனார்ட் 1974இல் காட்டினார். அந்த விதி உழைத்த வரைக்கும் நிரலைத் தொடாமலே அடுத்த ஆண்டின் சிப்பில் அது வேகமாக ஓடும். 2005 வாக்கில் மின்கசிவும் வெப்பமும் அந்த விதியை முடக்கின. பென்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்து நின்றது. அதற்கு அடுத்து வரவிருந்த டெஜாஸ் சிப்பை இன்டெல் 2004இல் கைவிட்டது. 2005இல் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே மேசைக் கணினிகளுக்கு இரட்டை கோர் சிப்களைக் கொண்டுவந்தன. அதுவரை சிப் வடிவமைப்பாளர் சுமந்த பாரம் அன்றிலிருந்து நிரல் எழுதுகிறவர் தலைக்கு வந்துவிட்டது.

சரி, ஒரு பணி ஒரு கோருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இயங்குதளத்துக்குத் தெரிந்தது த்ரெட் மட்டும்தான். ஓடத் தயாராக இருக்கும் த்ரெட்களை அதன் ஷெட்யூலர் கோர்களுக்குப் பங்கிடும். த்ரெட் கொஞ்சம் கனமான பொருள். உருவாக்குவதற்கும் மாற்றுவதற்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய்வர வேண்டும். லினக்ஸில் ஒவ்வொன்றின் ஸ்டாக்குக்கும் (அது தன் தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகம்) வழக்கமாக 8 மெகாபைட் முகவரி வெளி ஒதுக்கப்படும். லட்சம் பணிகளுக்கு லட்சம் த்ரெட் என்று போக முடியாது. அதனால் கோ, எர்லாங் போன்றவை தமக்கென்று ஓர் இலகுவான பணியை வைத்துக்கொண்டு, சில த்ரெட்களின் மேல் அவற்றை ஓட்டுகின்றன. கோ மொழியின் அந்த இலகுவான பணிக்குக் கோரூட்டின் என்று பெயர்; அது 2 கிலோபைட் ஸ்டாக்கில் பிறக்கும், தேவைக்கு வளரும். ஜாவாவும் 2023இல் வந்த 21ஆம் பதிப்பில் விர்ச்சுவல் த்ரெட் என்ற பெயரில் இதே வழிக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒரு வரலாறு சொல்ல வேண்டும். உங்கள் மேப்புக்கு நேர்ந்ததுதான் மொழிகளை உருவாக்கியவர்களுக்கும் நேர்ந்தது. எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் பிறந்த எர்லாங், தொடக்கத்திலிருந்தே லட்சக்கணக்கான சிறு பணிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அந்தப் பணிகள் எதையும் பகிர்ந்துகொள்வதில்லை, செய்தி மட்டும் அனுப்பிக்கொள்ளும். பல கோர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மொழி ஏது என்று தோன்றும். ஆனால் 2006இல் பல ப்ராசஸர் ஆதரவோடு வந்த பதிப்பில், ஓடத் தயாரான பணிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. ஒவ்வொரு கோரும் அடுத்த பணியை எடுக்க அந்த ஒரே வரிசைக்கு வந்து, அதன் லாக்குக்காக நிற்க வேண்டும். கோர் கூடக்கூட நெரிசல்தான் கூடியது. 2009இல் வந்த பதிப்பில் ஒவ்வொரு ஷெட்யூலருக்கும் தனி வரிசை கொடுத்தார்கள். அதன் பிறகே கோர்களைக் கூட்டியதன் பலன் ஒழுங்காகத் தெரிந்தது.

கோ மொழியும் அதே பள்ளத்தில் விழுந்து அதே வழியில் ஏறியது. 2013இல் வந்த 1.1 பதிப்புக்கு முன் அதிலும் ஒரே பொது வரிசை, ஒரே லாக். டிமிட்ரி வ்யூகோவ் அதை மாற்றி எழுதினார். இப்போது ஒவ்வொரு கோருக்கும் ஈடாகப் 'பி' எனப்படும் ஓர் உள்பொருள் உண்டு. அதற்கு 256 இடங்கள் கொண்ட சொந்த வரிசை உண்டு. தன் வரிசை காலியானால் மட்டும் அது வேறொன்றிடமிருந்து பாதிப் பணிகளை எடுத்துக்கொள்ளும். இதற்கு வொர்க் ஸ்டீலிங் என்று பெயர். 1990களில் எம்ஐடியின் சில்க் திட்டத்தில் ப்ளூமோஃபும் லைசர்சனும் இதைக் கணித முறையில் நிறுவினார்கள். இதன் அழகு என்னவென்றால், வேலை நிறைய இருக்கும்போது யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. வேலை தீர்ந்து சும்மா நிற்பவர் மட்டுமே பிறர் வரிசைக்குப் போகிறார். பகிர்வின் செலவு, செலவழிக்க நேரம் இருப்பவர் தலையில் விழுகிறது. பல கோர்களுக்கு எழுதும் எவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய வடிவம் இது என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் பைத்தான் நிரல். நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தானான சிபைத்தானில் குளோபல் இன்டர்பிரட்டர் லாக் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாகக் கில் என்பார்கள். பைத்தான் கட்டளைகளை ஓட்டும் த்ரெட் இந்த லாக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். மற்றவை காத்திருந்தால் 5 மில்லிநொடிக்கு ஒருமுறை அதை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். காரணம் சோம்பல் இல்லை. பைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்ற எண்ணிக்கையைச் சுமக்கிறது. ஒரு மாறியை வாசித்தாலே அந்த எண் மாறும். லாக் இல்லாமல் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் அதை மாற்றினால், உயிரோடு இருக்கும் பொருளின் நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடலாம். ஒரே லாக்கில் இதையெல்லாம் காத்ததால்தான் சி மொழி நீட்சிகளை எளிதாக எழுத முடிந்தது. பைத்தான் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். கில்லை எடுத்துவிட 1996இலேயே கிரெக் ஸ்டைன் முயன்றார். எடுக்க முடிந்தது, ஆனால் ஒற்றை த்ரெட் நிரல்களின் வேகம் மிகவும் விழுந்தது.

த்ரெட் பைத்தானில் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நெட்வொர்க்குக்கோ டிஸ்க்குக்கோ காத்திருக்கும்போது கில் விடுவிக்கப்படும். எண் கணக்குகளுக்கான நம்பை போன்ற நூலகங்கள் பெரிய கணக்குகளின்போது அதை விட்டுவிடும். நூறு இணையப் பக்கங்களை இறக்கும் வேலையாக இருந்தால் உங்கள் எட்டு த்ரெட்டும் நன்றாகவே உதவியிருக்கும். சொல்லைப் பிரித்து எண்ணுவது முழுக்க முழுக்கக் கட்டளை ஓட்டம், ஆகவே பலன் பூஜ்யம்.

அங்கே உங்களுக்கு இருக்கும் வழி தனித்தனி ப்ராசஸ். ஒவ்வொன்றுக்கும் சொந்த இன்டர்பிரட்டர், சொந்தக் கில், சொந்த நினைவகம். பைத்தானின் ப்ராசஸ் பூல் இதற்காகவே இருக்கிறது. ஒன்றில் கவனம் வேண்டும்: ப்ராசஸ்களுக்கு இடையே போகும் ஒவ்வொரு பொருளும் பைட்களாக மாற்றப்பட்டு, அனுப்பப்பட்டு, மறுபுறம் மீண்டும் பொருளாக்கப்படும். முதன்மை நிரலே கோப்புகளைப் படித்து உரையை அனுப்பினால், எண்ணுவதைவிட அனுப்புவதற்கு அதிக நேரம் போகலாம். கோப்பின் பெயரை மட்டும் அனுப்புங்கள்; படிப்பதும் எண்ணுவதும் அந்தப்பக்கம் நடக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு பெயர் என்று இல்லாமல் சில நூறு பெயர்களைக் கட்டாக அனுப்பி, கட்டுக்கு ஒரு எண்ணிக்கைப் பட்டியலாகத் திருப்பி வாங்குங்கள்.

கில் இல்லாத பைத்தானும் இப்போது இருக்கிறது. சாம் கிராஸ் எழுதிய முன்மொழிவு 2023இல் ஏற்கப்பட்டு, 2024இல் 3.13 பதிப்பில் சோதனை முயற்சியாக வந்தது. 2025இல் வந்த 3.14இல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்தது, ஆனாலும் தனியாக நிறுவ வேண்டிய பதிப்புதான். ஒற்றை த்ரெட் வேகத்தில் சுமார் 5 முதல் 10 விழுக்காடு இழப்பு உண்டு. அதில் உங்கள் நிரலை ஓட்டிப் பாருங்கள். ஆனால் மேப்பின் பைத்தான் வடிவமான ஒரே டிக்‌ஷனரியில் எட்டு த்ரெட்டும் எழுதினால், கில் போன பிறகும் நீங்கள் கோ மொழியில் கண்ட அதே சுவரில்தான் போய் முட்டுவீர்கள்.

அந்தச் சுவருக்கு வருவோம். ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்: வேலையில் பிரிக்கவே முடியாத பகுதி எவ்வளவோ அதுதான் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கும். 100 நொடி வேலையில் 10 நொடி பிரிக்க முடியாதது என்றால், எட்டு கோரில் 10 நொடியோடு 90இல் எட்டில் ஒரு பங்கு சேர்ந்து 21.25 நொடி, அதாவது 4.7 மடங்கு. ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பயன்பட்டது, 1990இல் ஆலன் கார்ப், ஹோரஸ் ஃபிளாட் இருவரும் அதைத் திருப்பிப் போட்ட விதம். பிரிக்க முடியாத பகுதியை ஊகித்து வேகத்தைக் கணிக்காமல், அளந்த வேகத்திலிருந்து அந்தப் பகுதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

கணக்கு சிறியது. 1ஐ வேக மடங்கால் வகுத்து, அதிலிருந்து 1ஐக் கோர் எண்ணிக்கையால் வகுத்ததைக் கழியுங்கள். வந்ததை, 1இலிருந்து அதே கோர் வகுத்தலைக் கழித்ததால் வகுங்கள். உங்கள் எண்களைப் போடுவோம். எட்டு கோரில் 0.4இலிருந்து 0.125 போக 0.275, அதை 0.875ஆல் வகுத்தால் 0.31. நான்கு கோருக்கு 0.25 வருகிறது. இரண்டுக்கு 0.18.

இந்த மூன்று எண்களும் ஒன்றாக இருந்திருந்தால், உங்கள் நிரலில் உண்மையிலேயே பிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது, அதைத் தேடுங்கள் என்று சொல்லியிருப்பேன். இங்கே 18, 25, 31 விழுக்காடு என்று கோர் கூடக்கூட ஏறுகிறது. பிரிக்க முடியாத பகுதி தானாக வளராது. வளர்கிறது என்றால், கோர்கள் ஒன்றையொன்று தடுக்கின்றன என்று பொருள். 18 விழுக்காடாகவே நின்றிருந்தால்கூட எட்டு கோரில் உங்களுக்கு 3.6 மடங்கு கிடைத்திருக்க வேண்டும். 3.6க்கும் 2.5க்கும் நடுவில் தொலைந்தது பெரும்பாலும் மோதலின் விலை.

மோதும் இடம் உங்கள் மியூடெக்ஸ். ஒவ்வொரு சொல்லுக்கும் லாக்கை எடுக்கிறீர்கள், ஒன்றைக் கூட்டுகிறீர்கள், லாக்கை விடுகிறீர்கள். போட்டியில்லாத லாக் சில பத்து நானோநொடிதான். ஆனால் ஒரு சொல்லை வரியிலிருந்து பிரித்தெடுக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகும். எனவே ஒவ்வொரு கோரூட்டினும் தன் நேரத்தின் பெரும்பங்கை லாக்குக்கு உள்ளேயோ அதன் வாசலிலோ கழிக்கிறது. கிடைக்காத லாக்கைச் சற்று நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோ அந்தக் கோரூட்டினைத் தூங்க வைக்கும், பிறகு எழுப்பும். தூங்க வைத்து எழுப்புகிற செலவு, நீங்கள் செய்ய வந்த ஒரு கூட்டலைவிடப் பல மடங்கு.

திருத்தம் எளியது. எட்டுப் பணியாளர் கோரூட்டின். ஒவ்வொன்றுக்கும் சொந்த மேப். தனக்கு வந்த கோப்புகளைத் தன் மேப்பில் எண்ணட்டும். எல்லாம் முடிந்த பின் எட்டு மேப்பையும் ஒன்றாகக் கூட்டுங்கள். கோடிக்கணக்கான லாக்குகள் இருந்த இடத்தில் கடைசியில் ஒரே ஒரு சேர்க்கை. எர்லாங்கும் கோவும் பொது வரிசையைப் பிரித்ததும் இதுவும் ஒன்றேதான். ஒரே மேப்பை அறுபத்து நான்கு துண்டாக்கித் துண்டுக்கு ஒரு லாக் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது அதை வாசித்தாக வேண்டும் என்றால் அது சரியான வழி. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை, முடிவு கடைசியில் போதும். ஆகவே லாக்கே வேண்டாம். கோவின் நூலகத்தில் இருக்கும் சிங்க் மேப்பும் இங்கே பொருந்தாது. ஒருமுறை எழுதிப் பலமுறை வாசிக்கும் வேலைக்கு அல்லது ஆளுக்கு ஆள் வேறு வேறு சாவியைத் தொடும் வேலைக்கு ஆனது அது. உங்கள் வேலையில் எல்லாரும் அதே அடிக்கடி வரும் சொற்களில்தான் எழுதப்போகிறார்கள்.

மேப்பைப் பிரிக்கும்போதே நினைவக ஒதுக்கீட்டையும் பாருங்கள். பைட் துண்டைச் சரமாக மாற்றி மேப்பில் தேடுவதை மட்டும் செய்தால், கோ கம்பைலர் புதிய நினைவகம் எடுக்காமல் தேடித் தந்துவிடும். அதே வரியில் கூட்டி எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் புதுச் சரம் உருவாகும். மேப்பில் எண்ணுக்குப் பதிலாக எண்ணின் பாயின்டரை (அது இருக்கும் நினைவக முகவரியை) வைத்து, முதலில் தேடி, கிடைத்தால் பாயின்டர் வழியே கூட்டுங்கள். கிடைக்காத புதுச் சொல்லுக்கு மட்டும் சரம் உருவாகட்டும். இனித் தேவைப்படாத நினைவகமான குப்பை குறைந்தால், அதை அகற்றும் கார்பேஜ் கலெக்டரும் குறைவாக ஓடும். அது ஓடும்போது கோர்களில் கால் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

லாக்கை எடுத்துவிட்டாலும் பகிர்வு போய்விட்டதா என்பது வேறு கேள்வி. இதை நான் பட்டே கற்றேன். சி மொழியில் இதே போன்ற ஓர் எண்ணும் நிரல். எட்டு த்ரெட், ஆளுக்கு ஓர் எண்ணி, எட்டு எண்ணிகளையும் ஓர் அணியில் அடுத்தடுத்து வைத்தேன். லாக் இல்லை, ஒருவர் எண்ணியை மற்றவர் தொடுவதும் இல்லை. ஓட்டினால், ஒரே த்ரெட்டைவிட எட்டு த்ரெட் மெதுவாக ஓடியது. நிரலை வரி வரியாகப் படித்தேன், தவறு எதுவும் இல்லை. தவறு நிரலில் தெரியாது, ஏனென்றால் அது கோருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷில் இருந்தது. கோர் நினைவகத்தை ஒரு பைட், எட்டு பைட் என்று எடுப்பதில்லை. பெரும்பாலான சிப்களில் 64 பைட் கொண்ட கேஷ் லைனாகவே எடுக்கிறது. எட்டு பைட் எண்ணிகள் எட்டு, மொத்தம் 64 பைட். ஒரே லைன்! ஒரு கோர் அந்த லைனில் எழுத வேண்டுமானால் மற்ற கோர்களிடம் உள்ள நகல்களை முதலில் செல்லாததாக்க வேண்டும். எட்டு கோரும் ஒவ்வொரு கூட்டலுக்கும் அந்த லைனை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்தன. சொந்தக் கேஷில் ஒரு நானோநொடி அளவில் முடிய வேண்டிய கூட்டல், பக்கத்துக் கோரிலிருந்து லைன் வந்துசேரப் பல பத்து நானோநொடி பிடித்தது. எண்ணிகளுக்கு நடுவே இடைவெளி விட்டேன். அடுத்த ஓட்டத்திலேயே சரியாகிவிட்டது. இதற்கு ஃபால்ஸ் ஷேரிங் என்று பெயர். ஆப்பிளின் எம்1 சிப்பில் லைன் 128 பைட் என்பதால் இடைவெளியை அதற்கேற்ப வைப்பது நல்லது. அதைவிட நல்லது, ஒவ்வொரு த்ரெட்டும் எண்ணியைத் தன் ஸ்டாக்கில் வைத்துக்கொண்டு கடைசியில் ஒருமுறை மட்டும் வெளியே எழுதுவது.

வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்; விடை சரியா என்பது அதைவிட முக்கியம். லாக் தடையாக இருக்கிறதே என்று மேப்பை அப்படியே விட்டு லாக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கோ மொழியில் மேப்பை இருவர் ஒரே நேரத்தில் எழுதுவதை, நிரலோடு சேர்ந்து ஓடும் ரன்டைம் கண்டுபிடித்தால் நிரலையே நிறுத்திவிடும். அது உங்களுக்கு நல்லது. சாதாரண மாறியாக இருந்தால் சத்தமே இல்லாமல் தவறான எண் வரும். ஒரு கூட்டல் என்பது உண்மையில் வாசி, கூட்டு, எழுது என்ற மூன்று படி. இருவர் ஒரே மதிப்பை வாசித்து இருவரும் ஒன்றைக் கூட்டி எழுதினால் ஒரு கூட்டல் காணாமல் போகும். இந்த வகைப் பிழை எவ்வளவு கொடியது என்பதற்குத் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரமே சான்று. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்குக் காரணம், பணிகளுக்கு இடையே இருந்த ரேஸ், அதாவது யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும் பிழை. இயக்குபவர் திரையில் திருத்தத்தை வேகமாகத் தட்டினால் மட்டுமே அது நிகழ்ந்தது. சோதனையில் மெதுவாகத் தட்டியவர்களுக்குப் பிழை தென்படவே இல்லை. அதில் இருந்தது ஒரே ஒரு ப்ராசஸர் என்பதையும் கவனியுங்கள். பல கோர்கள் வந்தால் இப்படி மோதுவதற்கான வாய்ப்பு பன்மடங்காகும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்றொன்று அவற்றைப் பார்க்கும் என்று நம்ப முடியாது. எக்ஸ்86 சிப்கள் எழுதும் வரிசையைப் பெரும்பாலும் காக்கின்றன. ஆர்ம் சிப்கள் அந்த உறுதியைத் தருவதில்லை. லாக் இல்லாமல் "தயார்" என்று ஒரு கொடி மாறியை வைத்து எழுதிய நிரல், ஒன்றில் ஆண்டுக்கணக்கில் ஓடி, மற்றொன்றில் முதல் நாளே தவறலாம். கோவின் ரேஸ் டிடெக்டரைப் போட்டு ஒருமுறையாவது ஓட்டுங்கள். பல மடங்கு மெதுவாகும், ஆனால் அது காட்டும் ஒவ்வொன்றும் உண்மையான பிழை.

மேப்பைப் பிரித்த பின் எட்டு மடங்கு வந்துவிடுமா? வராமல் போகலாம், அதற்கு நிரல் காரணமாகவும் இருக்காது. இயங்குதளம் காட்டும் எட்டு, நான்கு உண்மையான கோர்களின் இரண்டிரண்டு ஹைப்பர்த்ரெட்களாக இருக்கலாம். ஒரே கோரின் கணக்கிடும் உறுப்புகளை இருவர் பகிர்ந்தால் இரு மடங்கு கிடைக்காது. கிடைக்கும் கூடுதல் வேலையைப் பொறுத்தது, பெரும்பாலும் அரை மடங்குக்கும் குறைவு. உங்கள் 4க்கும் 8க்கும் இடையே வேகம் தேங்கியதில் இதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் 2இலிருந்து 4க்குப் போகும்போதே 18 விழுக்காடு 25 ஆகிவிட்டது. அந்தப் பழி லாக்குக்குத்தான். எல்லாக் கோர்களும் ஓடும்போது வெப்பத்துக்காகச் சிப் தன் கடிகார வேகத்தையும் குறைக்கும், ஆகவே ஒற்றைக் கோர் அளவீடு கொஞ்சம் அதிகமாகவே தெரியும். சில சிப்களில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகையும் கலந்திருக்கும். அங்கே "எட்டு" என்ற எண்ணுக்கே பொருள் மாறிவிடும்.

கண்டெய்னருக்குள் (நிரலுக்கு அளவோடு வளங்களை ஒதுக்கும் தனி அடைப்பு) ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு கோர் அளவு மட்டும் அனுமதித்திருந்தாலும், நிரலின் கண்ணுக்கு அடியில் இருக்கும் கணினியின் கோர்கள் முழுவதும் தெரியலாம். கோ 1.25 பதிப்புக்கு முன் அப்படித்தான் எண்ணிக்கொண்டு, தேவைக்கு மேல் த்ரெட்களை ஓட்டி, அனுமதித்த பங்கு தீர்ந்ததும் அடுத்த தவணை வரை முழுவதுமாக நிறுத்தப்படும். ஒரு வரி அமைப்பில் தீரும் சிக்கல்.

துண்டின் அளவும் கோப்புகளைப் பொறுத்தது. கோப்புக்கு ஒரு பணி என்பது இயல்பான பிரிப்பு; எட்டாகச் சமமாக வெட்டி முன்கூட்டியே பங்கிடுவதைவிட, பணியாளர் ஒவ்வொருவரும் முடித்ததும் அடுத்த கோப்பை, கோரூட்டின்களுக்கு இடையே பொருள்களைக் கடத்தும் சேனலிலிருந்து எடுப்பது நல்லது. சேனலும் பொதுப் பொருள்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் கோப்புக்கு ஒருமுறை தொடுகிறீர்கள், சொல்லுக்கு ஒருமுறை இல்லை. ஒரு கோப்பு மட்டும் மற்றவற்றைவிட நூறு மடங்கு பெரியதாக இருந்தால் அதைக் கடைசியில் விடாதீர்கள். ஏழு கோர் சும்மா இருக்க ஒன்று மட்டும் அதைக் கடித்துக்கொண்டிருக்கும். பெரிய கோப்புகளை முதலில் வரிசைப்படுத்துங்கள், மிகப் பெரியதை வரி எல்லைகளில் வெட்டுங்கள்.

ஆம்டாலின் கணக்கைக் கண்டு சோர்ந்துபோகவும் வேண்டாம். 1988இல் ஜான் கஸ்டாஃப்சன், சான்டியா ஆய்வகத்தில் 1024 ப்ராசஸர் கொண்ட கணினியில் ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம் கண்டதாக எழுதினார். ப்ராசஸர் கூடும்போது மக்கள் அதே சிறிய கணக்கைப் போடுவதில்லை, பெரிய கணக்கைப் போடுகிறார்கள். பிரிக்கக்கூடிய பகுதி வளர்கிறது, பிரிக்க முடியாதது அப்படியே நிற்கிறது என்பது அவர் வாதம். உங்கள் வேலை அந்த வகை. கோப்புகள் பத்து மடங்கானாலும் கடைசியில் எட்டு மேப்பைச் சேர்க்கும் நேரம் அதே அளவில் ஏறாது, ஏனென்றால் புதுச் சொற்கள் கோப்புகளின் வேகத்தில் வருவதில்லை.

மேப்பைப் பிரித்துவிட்டு, ரேஸ் டிடெக்டரில் ஒருமுறை ஓட்டி, பழைய நிரலின் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு டிடெக்டரை எடுத்துவிட்டு 2, 4, 8 கோர்களில் மீண்டும் அளந்து அந்தக் கணக்கைப் போடுங்கள். கோப்புகளை ஒருமுறை படித்துவிட்டு அளவீட்டைத் தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் ஓட்டம் டிஸ்க்கையும் அடுத்தவை நினைவகத்தையும் அளக்கும். மூன்று எண்களும் சிறியதாக, ஏறக்குறைய சமமாக வந்தால் லாக் கதை முடிந்தது. எட்டில் மட்டும் தாவினால் காரணம் ஹைப்பர்த்ரெட் அல்லது எல்லாக் கோர்களும் பகிரும் நினைவகப் பாதை. இன்னும் படிப்படியாக ஏறினால், கோவின் மியூடெக்ஸ் ப்ரொஃபைலை (எங்கே லாக்குக்காகக் காத்திருந்தது என்ற பதிவை) எடுத்து இங்கே போடுங்கள், எந்த இடத்தில் இன்னும் எதைப் பகிர்கிறீர்கள் என்று சேர்ந்து தேடுவோம்.